மையும் பஸ்ஸும்

வருஷத்தில் பாதி நாள் சூரியனுக்கே லீவு விடுகிற குளிர்நாடு ஒன்று. அங்கே ஒரு துறைமுக ஊரின் மலைமேட்டில், அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன நால்வர் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஏகாம்பரம், காத்தமுத்து, தவசி, பூமிநாதன். நால்வருக்கும் அடிவாரத்து மீன் ஃபாக்டரியில் வேலை. நால்வருக்கும் சேர்த்து மூளை ஒன்று இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கலாம். யாரிடம் இருந்தது என்பதில்தான் தகராறு.

மூத்தவர் ஏகாம்பரத்துக்கு முழங்கால் வலி. மேட்டிலிருந்து கீழே போகும் ஒரே பஸ்ஸை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடியது. அந்த பஸ்ஸுக்கு ஆபத்து வந்தது. நகரசபைத் தேர்தலில் நிற்கிற ஊல்சன், ஜெயித்தால் பஸ்ஸை நிறுத்திவிடுவேன் என்றார். எதிர்த்து நிற்கிற இங்கிரிட் அம்மா, தொடர்ந்து ஓடும் என்றார். பனிக்காலத்தில் அந்தச் சரிவில் நடந்து இறங்குவதை நினைத்தாலே ஏகாம்பரம் முழங்காலைத் தடவிக்கொள்வார். பாவம், மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

நல்லவேளை, அந்த நாட்டில் மூன்று வருஷம் குடியிருந்த வெளிநாட்டுக்காரனும் நகரசபைக்கு ஓட்டுப் போடலாம். நாட்டை யார் ஆள்வது என்று அவனைக் கேட்க மாட்டார்கள். குப்பையை யார் அள்ளுவது என்று கேட்பார்கள்.

ஒருநாள் இங்கிரிட் அம்மாவே சைக்கிளில் வந்து கதவைத் தட்டினார். காத்தமுத்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"யாருடா?"

"யாரோ வேட்பாளராம்ண்ணே. பின்னாடி கூட்டம் இல்ல, கழுத்துல மாலை இல்ல, ஒருத்தனும் கால்ல விழல. நம்பவா முடியுது?"

"கையில பிரியாணிப் பொட்டலம்?" என்றான் தவசி.

"அதுவும் இல்ல."

"அப்ப ஏமாத்துக்காரிதான்."

பிறகு சுவரொட்டியில் அதே முகத்தைப் பார்த்து ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டார். இனிமேலாவது முறையாக நடக்க வேண்டுமென்று மூவரையும் நகரசபை அலுவலகத்துக்கு இழுத்துப் போனார். அங்கிருந்த அதிகாரி அம்மா பொறுமையாக விளக்கினார். "இங்கே எல்லாவற்றையும் நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். நீங்களே சீட்டை எடுத்து, நீங்களே மடித்து, நீங்களே பெட்டியில் போட வேண்டும். யாருக்குப் போட்டீர்கள் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியக்கூடாது."

அன்றிரவு அடுப்படியில் ஆலோசனை நடந்தது.

"எல்லாம் நாமளேன்னா, மையும் நாமளேதானே வச்சுக்கணும்?" என்றான் பூமிநாதன்.

"பின்னே? இந்த ஊர்ல பெட்ரோல் நாமளே போட்டுக்கிறோம், கடையில பில்லு நாமளே அடிச்சுக்கிறோம். மை மட்டும் ஆள் வந்து வைப்பானா?" என்றார் ஏகாம்பரம்.

தேர்தல் அன்று காலையில் குளித்து, திருநீறு பூசி, மீன் பெட்டியில் பேர் எழுதும் மார்க்கர் பேனாவால் நால்வரும் ஆள்காட்டி விரலில் அழுத்தமாகக் கோடு போட்டுக்கொண்டார்கள். ரகசியம் காக்க வேண்டுமே என்று பஸ்ஸில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். "சாருக்கு எந்த ஊரு?" என்று ஏகாம்பரத்தைப் பார்த்து, மூன்று வருஷமாக அவர் சமைத்துப்போட்டதைச் சாப்பிடுகிற தவசி கேட்டான்.

ஓட்டுச்சாவடி வாசலில் பூமிநாதன் திடீரென்று நின்றான்.

"அண்ணே, விரலைப் பாருங்க. மை இருக்கு."

"இருக்கட்டும்."

"மை இருந்தா ஓட்டுப் போட்டாச்சுன்னு அர்த்தம். இப்ப உள்ள போனா கள்ள ஓட்டுண்ணே!"

ஏகாம்பரம் எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நல்ல நேரத்தில் சொன்னான் தம்பி என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். உள்ளே வாக்காளர் பட்டியலோடு இருந்த பெண் எழுந்து வந்து, "வாருங்கள், நீங்கள் இன்னும் ஓட்டுப் போடவில்லையே" என்று சிரித்த முகமாகக் கூப்பிட்டாள்.

"பாத்தியா? ஊல்சன் ஆளு. நம்மள கள்ள ஓட்டுப் போட வச்சு, விசாவைப் புடுங்கப் பாக்குறா" என்று ஏகாம்பரம் பல்லைக் கடித்தார். நால்வரும் அவளுக்கு விரலைக் காட்டிவிட்டு, கடமையை முடித்த களைப்போடு வீடு திரும்பினார்கள்.

இங்கிரிட் அம்மா மூன்று ஓட்டில் தோற்றார்.

ஏகாம்பரம் கொதித்துப்போய் மூவரையும் கூட்டிக்கொண்டு அதிகாரி அம்மாவிடம் ஓடினார். "எங்க நாலு ஓட்டை எண்ணாம விட்டுட்டீங்க!"

"உங்கள் ஓட்டு பெட்டியிலேயே இல்லையே."

"பெட்டியில இல்லாட்டி என்ன? விரல்ல இருக்கே!"

அந்த அம்மா நாலு விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, யாருக்குப் போட்டதாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நால்வரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். ரகசியத்தைக் கறக்க வந்த கேள்விக்குப் பதில் சொல்ல அவர்கள் என்ன முட்டாள்களா?

பனி கொட்டத் தொடங்கியது. பஸ் நின்றுபோனது. நால்வரும் ஸ்டாப்பில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஓட்டுப் போட்டவர்களுக்காவது ஒரு பஸ் விடுவார்கள் என்பது ஏகாம்பரத்தின் நம்பிக்கை. ஒரு காலையில் ஊல்சனே காரை நிறுத்தி, "ஏறுங்கள், கீழே இறக்கிவிடுகிறேன்" என்றார்.

தவசி கதவில் கை வைத்தான். ஏகாம்பரம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏறினா நாம இவருக்குத்தான் போட்டோம்னு ஊரே சொல்லும்."

"அப்ப ஏற வேண்டாம்" என்றான் காத்தமுத்து.

"ஏறாட்டி, போடலைன்னு சொல்லும். ரெண்டு வழியிலயும் ரகசியம் போச்சே."

பனி தலையில் விழ விழ நால்வரும் யோசித்தார்கள். கடைசியில் ஏகாம்பரமே வழி கண்டுபிடித்தார். "ரெண்டு பேர் ஏறுங்க, ரெண்டு பேர் நடக்கலாம். அப்ப எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

கால் நன்றாக இருந்த தவசியும் காத்தமுத்துவும் காரில் ஏறிப் போனார்கள். ஏகாம்பரம் பூமிநாதன் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தேய்த்துத் தேய்த்து, சரிவில் நொண்டியபடி இறங்கினார்.

"வலிக்குதாண்ணே?"

"சத்தமாக் கேக்காதடா. அதுவும் யாருக்கும் தெரியக்கூடாது."