மாற்றத்துக்கு ஒரு கைப்பிடி

காய்க்கும் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. சரியான அவசரக்காரி. ஆசை வந்தாலும் அவசரம், கோபம் வந்தாலும் அவசரம்.

அந்தக் காட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் ஏதாவது ஒரு மரத்தில் பங்கு உண்டு. மரம் காய்த்தால் பங்குக்காரருக்குப் பழம். வேண்டுமென்றால் பங்கை மற்றவரோடு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக் கொடுப்பது குரங்கின் வேலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கைப்பிடி கிழங்கு அதற்குக் கூலி.

முள்ளம்பன்றிக்குப் பலாவில் பங்கு இருந்தது. வளை நிறையக் கிழங்கும் இருந்தது.

"அக்கா, இன்னும் பலாவையா கட்டிக்கொண்டு அழுகிறாய்? மாமரம் பூத்துக் குலுங்குகிறதே!" என்றது குரங்கு.

முள்ளம்பன்றி உடனே மாமரத்துக்கு மாறியது. காற்றில் கொஞ்சம் பூ உதிர்ந்தது.

"ஐயோ அக்கா, நாவலுக்கு ஓடு!"

ஓடியது. பிறகு விளா, பிறகு இலந்தை, மறுபடியும் பலா. முயலும் மானும்கூட அப்படியே ஓடின.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. எந்த மரமும் தப்பவில்லை. பிஞ்செல்லாம் கருகி விழுந்தன.

'போகட்டும், அடுத்த மழைவரை வளையில் இருப்பதைத் தின்போம்' என்று முள்ளம்பன்றி உள்ளே போனது. அங்கே அதன் குட்டி பசியோடு வெறும் மண்ணை முகர்ந்துகொண்டிருந்தது.

முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முயலையும் மானையும் இழுத்துக்கொண்டு குரங்கின் மரத்தடிக்கு வந்தது.

"என் குட்டி பட்டினி கிடக்கிறது! எல்லாம் உன் பேச்சைக் கேட்டதால்!"

"மழை பெய்யாததற்கு நானா பொறுப்பு?" என்று சிரித்தது குரங்கு.

"அதுவும் சரிதானே" என்று முணுமுணுத்தது முயல்.

"எது சரி?" முள்ளம்பன்றி சீறியது. "பிஞ்சை வெயில் கருக்கியது. என் வளையில் இருந்த கிழங்கையுமா வெயில் தின்றது? காடே காய்ந்து கிடக்கும்போது இவன் வாய் மட்டும் எதை மென்றுகொண்டிருக்கிறது?"

அப்போதுதான் எல்லாரும் குரங்கின் வாயைப் பார்த்தார்கள். மான் ஓடிப்போய் மரப்பொந்தைக் கொம்பால் முட்டியது. கிழங்குகள் குவியலாகச் சரிந்து விழுந்தன.

"அது என் கூலி! நீங்களாகவே கொடுத்தது!" என்று கத்தியது குரங்கு.

"ஆமாம், நாங்களாகவேதான் கொடுத்தோம்." முள்ளம்பன்றி பல்லைக் கடித்தது. அதை நினைக்கத்தான் அதற்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "மரம் மாறிய நாங்கள் எல்லாரும் மெலிந்தோம். மாற்றிவிட்ட நீ மட்டும் கொழுத்தாய். இறங்கி வா, பார்க்கலாம்!"

முட்கள் சிலிர்த்து நின்றதைக் கண்ட குரங்கு கிளைக்குக் கிளை தாவி ஓட்டம் பிடித்தது. கிழங்கைப் பகிர்ந்து தின்று விலங்குகள் கோடையைத் தாண்டின.

மழை வந்தது. மரங்கள் துளிர்த்தன. குரங்கும் வந்தது.

"பழையதை விடு அக்கா. அத்திமரம் இப்போது..."

முயலின் காதுகள் மெல்ல நிமிர்ந்தன.

"காதை மடக்கு!" என்று முள்ளம்பன்றி போட்ட சத்தத்தில் குரங்கு கிளையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது.

நீதி: மழை பொய்ப்பது நம் கையில் இல்லை; நாளுக்கொரு மரம் தாவிக் கையிருப்பைக் கரைக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.