மந்திரியைத் தேடிய அளவுச் சட்டை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அவருடைய பேரன் பேத்திகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நல்ல ராஜாதான். ஒரே ஒரு குறை, சும்மா இருக்கத் தெரியாது. மழை நன்றாகப் பெய்து, பகை நாடுகளும் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்த ஒரு வருஷத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"ஆளுக்கொரு நிறத்தில் உடுத்திக்கொண்டு வருகிறீர்கள். என் அவை சந்தைக்கடை மாதிரி இருக்கிறது. இனி எல்லோருக்கும் ஒரே மாதிரி பட்டு அங்கி. நானும் அதையேதான் உடுத்தப் போகிறேன்" என்றார்.

அங்கிகள் வந்தன. எல்லாம் ஒரே அளவு. அரண்மனையிலேயே பருத்த ஆளான மடைப்பள்ளித் தலைவரை நிற்க வைத்து அளவெடுத்திருந்தார்கள். பெரியதைக் குறுக்கிக்கொள்ளலாம், சிறியதைப் பெரிதாக்க முடியாது என்பது ராஜாவின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் தளபதி அங்கியைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினால் விரல்கூட வெளியே தெரியவில்லை. குறுக்கித் தர நல்ல கடை எது என்று எல்லோரும் தவித்தபோது, "தேரடியில் மாசிலாமணி கடைக்குப் போங்கள். பழைய துணியைத் திருத்துவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை" என்று சொன்னவன் குப்பண்ணன்.

குப்பண்ணன் அந்த அவையின் விகடகவி. மந்திரி பேரருளாளருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. 'ராஜ்ய பாரத்தைத் தூக்கிச் சுமப்பது நான். ராஜா பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைப்பது அவனை' என்று வயிறு எரிவார். அது ஒன்றும் சின்ன வயிறும் அல்ல.

மாசிலாமணி கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர்களின் மேனியைத் தொட்டு அளவெடுக்க மாட்டார். அவர்களே தங்களுக்குப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். அதுதான் அளவுச் சட்டை. மந்திரியின் வேலையாள் கொண்டுவந்த அளவுச் சட்டையை விரித்துப் பார்த்த மாசிலாமணிக்குப் பகீர் என்றது. முருங்கைக்காய்க்குத் தைத்த உறை மாதிரி இருந்தது அது.

"ஐயா ஒரு தடவ நேர்ல வந்து போனா நல்லதுன்னு சொல்லுப்பா. இல்லேன்னா வேற சட்டை குடுத்தனுப்பினாலும் சரி" என்றார்.

போன வேகத்தில் பதில் வந்தது. "என் அளவு எனக்குத் தெரியாதா? சட்டை எப்படியோ, அப்படியே குறுக்கச் சொல்!"

மாசிலாமணி அப்படியே குறுக்கினார். வேறு என்ன செய்வார்?

எல்லோரும் புது அங்கி உடுத்தி வரவேண்டிய நாள் வந்தது. மந்திரியை இரண்டு ஆட்கள் சேர்ந்து அங்கிக்குள் திணித்து அனுப்பியிருந்தார்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரி வந்து நின்றார். ராஜா வந்தார். அவை வணங்கியது. மந்திரியும் குனிந்தார். கழுத்திலிருந்து இடுப்பு வரை 'டர்ர்ர்' என்று பிரிந்தது அங்கி.

சிரித்தால் வேலை போய்விடும் என்று அவை முழுவதும் உதட்டைக் கடித்துக்கொண்டது. மந்திரியின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். அந்த அவமானத்திலும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

"மகாராஜா! தாங்கள் அளித்த அங்கியை அந்தத் தையற்காரன் பாழாக்கிவிட்டான். இந்த அவமதிப்பு எனக்கல்ல, தங்களுக்கு. அவன் கடையை இழுத்து மூடி, அவனை ஊரை விட்டே அனுப்ப வேண்டும். அந்தக் கடையைப் பரிந்துரைத்தவனையும் கூடவே அனுப்ப வேண்டும்" என்றார்.

காவலர்கள் மாசிலாமணியை இழுத்து வந்தார்கள். தலைப்பாகையில் குத்திய ஊசியைக்கூட எடுக்க நேரமில்லாமல் வந்து விழுந்தார் மனிதர்.

"சாமி, அளவுச் சட்டை எப்படியோ அப்படியேதான் குறுக்கினேன். ஒரு நூல்கூடக் கூடக்கொறைய இருக்காது. நான் தச்சு, எம்பொண்டாட்டி ஓரம் அடிச்சு, ரெண்டு பேரும் பாடுபட்டு உண்டாக்கின கடை சாமி அது. மூடிட்டா நாங்க எங்க போவோம்?"

அளவுச் சட்டையை வரவழைத்தார்கள். மந்திரி உடுத்தியிருந்த அங்கியின் தையலையும் அதையும் நூல் பிடித்து அளந்து பார்த்தார்கள். தோளுக்குத் தோள், இடுப்புக்கு இடுப்பு சரியாக இருந்தது.

"மந்திரியாரே, இந்தச் சட்டை உமக்குப் பொருந்துமா?" என்று ராஜா கேட்டார்.

"கச்சிதமாகப் பொருந்தும் மகாராஜா. அன்றும் பொருந்தியது, இன்றும் பொருந்தும்" என்றார் மந்திரி. கிழிந்த அங்கியைப் பின்னால் கையால் பிடித்துக்கொண்டேதான் சொன்னார்.

ராஜாவுக்கு இக்கட்டாகிவிட்டது. போட்டுக் காட்டும் என்று மந்திரியிடம் சொல்ல நா எழவில்லை. குப்பண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீ காட்டிய கடையால் வந்த வழக்கு. நீயே தீர்ப்புச் சொல். ஆனால் ஒன்று. என் மந்திரி பொய் சொன்னதாகத் தீர்ப்பு வரக்கூடாது. நான் கொடுத்த அங்கியைக் குறை சொல்லவும் கூடாது. அளவுப்படி தைத்தவனைத் தண்டிப்பதும் முறையல்ல. எங்கே தப்பு என்று இப்போதே சொல். முடியாவிட்டால் நீயும் அவனோடு மூட்டையைக் கட்டு!"

மந்திரியின் முகத்தில் அப்போதுதான் ஒரு சிரிப்பு வந்தது. குப்பண்ணன் எழுந்தான். மந்திரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டான்.

"மகாராஜா, அங்கி கிடக்கட்டும். பெரிய விபரீதம் நடந்திருக்கிறது. நம் மந்திரியைக் காணவில்லை!"

"என்னடா உளறுகிறாய்? இதோ நிற்கிறாரே!"

"தங்கள் வாக்குப்படியே பார்க்கிறேன் மகாராஜா. மந்திரி பொய் சொல்ல மாட்டார். ஆகவே இந்தச் சட்டை மந்திரிக்குப் பொருந்தும். இங்கே நிற்பவருக்கோ இது ஒரு கைக்குக்கூடப் போதாது. அப்படியானால் இவர் மந்திரி அல்ல. யாரோ நம் மந்திரியை ஒளித்து வைத்துவிட்டு அவர் இடத்தில் வந்து நிற்கிறார். அனுமதி கொடுங்கள். இந்தச் சட்டை யாருக்குப் பொருந்துகிறதோ அவரைப் பிடித்து வந்து மந்திரி ஆசனத்தில் அமர்த்துகிறேன்."

ராஜாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தேடு" என்றார்.

குப்பண்ணன் சட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். தளபதிக்குத் தோளோடு நின்றுவிட்டது. கணக்கருக்குக் கழுத்து நுழையவில்லை. கடைசியில் சிம்மாசனத்துக்குப் பின்னால் சாமரம் வீசிக்கொண்டிருந்த கொடிமுத்துவிடம் போனான். காற்றடித்தால் சாமரத்தோடு சேர்ந்து ஆடுகிற ஆள் கொடிமுத்து. சட்டை அவனுக்கென்றே தைத்ததுபோல் உட்கார்ந்தது.

"கிடைத்துவிட்டார்! நம் மந்திரி கிடைத்துவிட்டார்!" என்று கத்தினான் குப்பண்ணன். "தண்டோராக்காரனை வாசலுக்கு வரச் சொல்லுங்கள். ஊருக்கு நல்ல சேதி சொல்ல வேண்டும்."

"ஐயய்யோ, எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதுங்களே!" என்று அலறினான் கொடிமுத்து.

"அதனாலென்ன? சட்டை பொருந்துகிறதே!" என்று அவனைத் தள்ளிக்கொண்டு போய் மந்திரி ஆசனத்தில் உட்கார வைத்தான் குப்பண்ணன். பயந்துகொண்டே உட்கார்ந்த கொடிமுத்து மெதுவாகச் சாய்ந்து பார்த்தான். "மெத்துனு இருக்குதுங்க" என்றான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாக, "அப்ப சாமரத்த யாரு வீசுறதுங்க?" என்று கேட்டான்.

அவை முழுவதும் பேரருளாளரைப் பார்த்தது.

குப்பண்ணன் அவரிடம் கை நீட்டினான். "ஐயா, தாங்கள் யாரோ தெரியவில்லை. எங்கள் மந்திரியின் முத்திரை மோதிரம் தங்கள் விரலில் இருக்கிறது. கழற்றிக் கொடுத்தால் உரியவரிடம் சேர்த்துவிடுவேன்."

மறுத்துப் பேசினால் ராஜாவின் முன் தன் சொல்லே பொய்யாகிவிடுமே என்று மந்திரி வேகமாக மோதிரத்தைப் பிடித்து இழுத்தார். மோதிரம் அசையவில்லை. திருகினார். வரவில்லை. யாரோ எண்ணெய் கொண்டுவர ஓடினார்கள். வியர்த்துக் கொட்ட நின்ற மனிதர் கடைசியில் கையைத் தொங்கவிட்டார்.

"மகாராஜா, நான்தான். நானேதான்" என்றார். "இந்த அவைக்கு முதல் நாள் வந்தபோது உடுத்தியிருந்த சட்டை அது. என்னைப் பார்த்து, 'யார் இந்தப் பிள்ளை, இவ்வளவு துடியாக இருக்கிறானே' என்று தங்கள் தந்தையார் கேட்டார். இன்னும் அப்படியே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொருந்தாது என்று தெரியும். சொல்ல மனம் வரவில்லை."

இதைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. குப்பண்ணனே ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அந்த ஆசை யாருக்குத்தான் இல்லை?

மாசிலாமணிதான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "சாமி, ஒண்ணு சொல்லலாமுங்களா? நான் துணியை வெட்டவே இல்லீங்க. உள்ள மடிச்சுத்தான் தச்சிருக்கேன். இப்பக் கிழிஞ்சது துணி இல்ல, தையல்தான் விட்டிருக்கு. பிரிச்சு விட்டா ஐயாவுக்குத் தாராளமா வரும்."

"இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?" என்றார் ராஜா.

"ஐயா அளவு சரின்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போது, அவருக்காகத் துணி மிச்சம் விட்டேன்னு நான் எப்படிங்க சொல்றது?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்த்துச் சிரித்தார் ராஜா. மந்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொடிமுத்து மனசில்லாமல் ஆசனத்தை விட்டு எழுந்தான். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் குப்பண்ணன் கழுத்தில் போட்டார். இனி அரண்மனைத் துணியெல்லாம் மாசிலாமணி கடைக்கே போகட்டும் என்று உத்தரவிட்டார்.

பிறகு மாசிலாமணியை மட்டும் சிம்மாசனத்தருகே கூப்பிட்டார். இறுகிய தன் அங்கியின் இடுப்பைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "என் அங்கியையும் நீதானே குறுக்கினாய்? அதில் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறாய்?" என்று கேட்டார்.

மாசிலாமணி தரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"மகாராஜா," என்றான் பின்னாலிருந்து குப்பண்ணன், "தண்டோராக்காரன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான். தங்களையும் தேடச் சொல்லட்டுமா?"