நாலு கம்பளி குறைகிறது

மாட்டுவண்டிதான் மகா வேகம் என்று ஊரே நம்பிய காலத்தில், நெடுவயல் நாட்டைப் பூபாலராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார். மத்தியானம் அதை மறந்துவிடுவார்.

ஒருநாள் மலைக்கோட்டையிலிருந்து வந்த காவலன் சபை நடுவே நின்று நடுங்கினான். "ம-ம-மகாராஜா! குளிருக்குக் க-க-கம்பளி வரலை! நாங்க பல்லடிக்கிற சத்தத்துலயே பகைவன் எங்களைக் க-கண்டுபிடிச்சிருவான்!"

சபை கொல்லென்று சிரித்தது.

"ரெண்டு பேருக்குக் குளிர்ல கால்விரல் க-கறுத்துப்போச்சு" என்றான். சிரிப்பு நின்றது.

பண்டகசாலை அதிகாரி சூரப்பர் மூக்கால் பேசுகிறவர். கம்பளிப் பட்டறையை நடத்திய வெள்ளத்தாயிக்கு நாட்டில் இருந்த நல்ல பெயர் அவருக்கு நெடுநாள் எரிச்சல். "ஹ்ம்ங்... நெய்கிறவள் தூங்கினால் கம்பளி எப்படி வரும், பிரபு?"

"கூப்பிடுங்கள் அவளை! நாடு கடத்துங்கள்!"

வெள்ளத்தாயி வந்தாள். பதறவில்லை. "போறேன், மகாராஜா. அதுக்கு முன்னால ஒரே ஒரு நாள் உங்களுக்குப் பலகாரம் அனுப்புற வேலையை என்கிட்டக் குடுங்க. தப்பு யாருதுன்னு இலையிலயே தெரிஞ்சிரும்."

ராஜாவுக்குத் தோசை என்றால் உயிர். சம்மதித்தார்.

மறுநாள் இலை போட்டாயிற்று. சமையற்கட்டில் 'சொய்ங்... சொய்ங்...' சத்தம் கேட்டது. தோசை மட்டும் வரவில்லை.

"எங்கே தோசை?"

"கூடையில இருக்கு, மகாராஜா" என்றாள் வெள்ளத்தாயி. " நூறு சேர்ந்தாத்தான் கூடை நிறையும். நிறையாதது நகரக் கூடாதுன்னு சட்டம்."

ராஜா தண்ணீர் குடித்தார். இலையைத் திருப்பிப் போட்டார். மறுபடி தண்ணீர் குடித்தார். சூரியன் உச்சிக்கு வந்தது. சொய்ங் சத்தமும் நின்றுபோயிற்று.

"இப்போதாவது நிறைந்ததா?"

"தொண்ணூத்தாறு. மாவு தீர்ந்துபோச்சு."

"கொண்டுவரச் சொல்!"

"மாவு ஆட்டுற கொட்டகையில இருக்கு. ஆனா அங்க அண்டா நிறையலையே! நிறைஞ்சாத்தான் அதுவும் கிளம்பும்."

ராஜா எழுந்து குதித்தார். "முதல் தோசை இந்நேரம் செருப்புத் தோல் ஆகியிருக்கும்! எந்த முட்டாள் போட்ட சட்டம் இது?"

சூரப்பர் தூணை முதன்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

வெள்ளத்தாயி ஓலையை நீட்டினாள். 'நிறையாத வண்டி நகரக் கூடாது.' சூரப்பர் எழுதியது. அடியில் ராஜாவின் முத்திரை. வண்டிச் செலவு மிச்சம் என்று மெச்சி, சூரப்பர் கையில் தங்கக் காப்புப் பூட்டியவரும் ராஜாவேதான்.

"வண்டிக்கு முந்நூறு கம்பளி, மகாராஜா. இருநூத்தித் தொண்ணூத்தாறு நெய்து அடுக்கி ஒரு மாசமாச்சு. மிச்ச நாலுக்கு நூல் இல்லை. நூல் வண்டி இடையர் ஊர்ல நிக்குது. அதுவும் நிறையலையாம்."

ராஜாவின் குரல் இறங்கியது. "என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"மூணு ஓலை எழுதினேன். ஒரு கட்டு சேர்ந்தாத்தான் சபைக்கு அனுப்புவோம்னு பண்டகசாலையில சொன்னாங்க."

"ஹ்ம்ங்... நாளைக்குக் கட்டு நிறைந்துவிடும், பிரபு" என்றார் சூரப்பர்.

ராஜா அந்தக் காப்பைக் கழற்றி வெள்ளத்தாயிக்குப் போட்டார். "இனி எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று இவள் சொல்வாள்." சாப்பிடாமலே கம்பளி வண்டியில் ஏறினார். சூரப்பர் தலையில் ஒரு மூட்டையோடு பின்னால் நடந்தார்.

மலையில் ராஜாவே கம்பளி கொடுத்தார். வரிசைக் கடைசியில் நான்கு பேருக்கு இல்லை. அவர்களில் ஒருவன் காலில் துணி சுற்றியிருந்தான்.

"முந்நூறும் சேரட்டும் என்று... நான்தான் தாமதித்தேன்" என்றார் ராஜா, தரையைப் பார்த்து.

"அதனாலென்ன, மகாராஜா? மாத்தி மாத்திப் போர்த்திக்குவோம்" என்றான் அவன். "பகைவன் வர்றப்போ முந்நூறு பேரும் வந்து சேரட்டும்னு நாங்க காத்திருந்தா, இந்தக் கோட்டை என்னைக்கோ கைவிட்டுப் போயிருக்கும்."

அந்த உறைபனியிலும் ராஜாவின் முகம் வெட்கத்தில் கொதித்தது.