செவலைக்குச் சொன்னது

குதிரை வைத்திருக்கிறவன் அதைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தால், பார்க்கிறவனுக்கே ஒரு மாதிரி இருக்கும். சிவனாண்டி அப்படித்தான் வந்தான். மலையடிவாரத்துப் பாளையத்திலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் நடந்தே வந்திருந்தான். பின்னால் அவன் குதிரை செவலை, மேய்ச்சலுக்குப் போகிற ஆடு மாதிரி பேசாமல் வந்தது.

ஆற்று மணலில் மீரா ராவுத்தர் குதிரை பழக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சீமையில் பாதிக் குதிரைகள் அவர் கைபட்டவை, செவலையும்தான். வயதில் சிவனாண்டிக்கு இளையவர். ஆனாலும் வித்தைக்காரர் வித்தைக்காரர்தானே, உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவான். சிவனாண்டி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாங்கண்ணே. ஏறி வரலியா?"

"இதும் மேல இனி எவன் ஏறுவான், உஸ்தாத்?"

ராவுத்தர் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

சிவனாண்டி பாளையத்துக்கு ஓலை கொண்டு போகிறவன். அவனுடைய கிழட்டு மட்டக்குதிரை செத்த பிறகு செவலையைக் கொடுத்திருந்தார்கள். சித்திரைத் திருவிழா அன்று செவலை மேல் ஊருக்குள் நுழைந்தான். யாரோ வேட்டு போட்டார்கள். குதிரை மிரண்டது. இவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு "நில்லு, நில்லு" என்று கத்தினான். அது நிற்கவில்லை. தெரு நீளத்துக்கும் பாய்ந்தது. பெரியப்பா வந்துட்டாரு என்று சொல்லிக்கொண்டே தம்பி மகள் சிலம்பாயி வீட்டைவிட்டு ஓடி வந்தாள்.

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.

"தம்பி என்ன சொல்றாரு?" என்றார் ராவுத்தர்.

"அழகுமலையா? என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதான் உஸ்தாத். 'உம் மேல என்ன தப்புண்ணே, இந்தச் சனியன் பண்ணுன வேலை'ன்னான். அவன் பெண்டாட்டி எனக்குக் கஞ்சி ஊத்துறா. பிள்ளையைப் பறிகொடுத்தவ, எனக்கு ஊத்துறா. தொண்டையில இறங்க மாட்டேங்குது."

"குதிரையை?"

"அன்னிக்கே ஈட்டியைத் தூக்கிட்டான். பாளையக்காரருதான் தடுத்தாரு. பழக்குனவரு ராவுத்தரு, அவருகிட்டக் கொண்டு போ, கெட்ட குதிரைன்னு அவரு சொன்னா முடிச்சிருங்கன்னாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போயிடறேன்."

ராவுத்தர் எழுந்து வந்து செவலையின் விலாவைத் தடவினார். ஏறுகிறவன் கால் படுகிற இடத்தில் இரண்டு பக்கமும் முடி தேய்ந்து தோல் பளபளத்தது. அந்த இடத்தில் அவர் கை நின்றது.

சிவனாண்டிதான் பேசினான். "இன்னொண்ணும் வேணும் உஸ்தாத். எனக்கு உட்காரக் கத்துக் குடுங்க. இன்னும் இறுக்கிப் பிடிச்சு உட்கார்ந்திருந்தா அன்னிக்கு நிறுத்தியிருப்பேனோ என்னவோ. அதை நினைச்சா கண்ணு மூட முடியலை. இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவை கீழ விழுந்ததில்லை. அன்னிக்கும் விழலை. ஆனா நிறுத்த முடியலை."

"விழாம இருக்கறது வேற. உட்கார்றது வேற."

"அந்த வேறயத்தான் கேக்கறேன்."

"கத்துக் குடுத்தா தாங்குவீங்களா?"

"இதுக்கு மேல தாங்கறதுக்கு என்ன இருக்கு?"

மனுஷன் அப்படித்தான் சொல்வான். பட்டதோடு முடிந்தது என்று எல்லாருமே நினைக்கிறோம்.

மறுநாள் காலையில் ராவுத்தர் செவலையின் சேணத்தைக் கழற்றினார். கடிவாளத்தையும் கழற்றினார். கழுத்தில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி நுனியைத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏறுங்க."

"இதும் மேலயா?"

"இதும் மேலதான்."

சிவனாண்டி ஏறினான்.

"கையை எங்க வைக்க?"

"மாரோட கட்டிக்குங்க."

"எதைப் பிடிச்சுக்கறது?"

"ஒண்ணையும் பிடிக்காதீங்க."

"விழுந்திருவேன் உஸ்தாத்."

"மணல்தானே. விழுங்க."

விழுந்தான். ஏறினான், மறுபடி விழுந்தான். விழுந்ததே இல்லை என்று சொன்ன மனுஷன் பொழுது உச்சிக்கு வருவதற்குள் ஆற்று மணலில் பாதியைத் தின்றுவிட்டான். ஒரு தடவை விழுந்த இடத்திலேயே கிடந்தான். எழுந்திருக்க மனசில்லை. செவலை அவனைச் சுற்றிக்கொண்டு போய் ஓரமாக நின்றது.

"தொடையை விடுங்க அண்ணே. பாரம் பின்னால இறங்கட்டும். குண்டி குதிரை முதுகுல உட்காரணும். காலு தொங்கணும், கொடியில போட்ட ஈரவேட்டி மாதிரி."

"தொங்க விட்டுத்தான் இருக்கேன்."

"இல்லை. இறுக்கறீங்க."

"இறுக்கலியே!"

"பல்லைக் கடிக்கிறீங்க. மேல பல்லு கடிச்சா கீழ தொடையும் கடிக்கும். வாயைத் திறந்து மூச்சு விடுங்க."

செவலை காதை ஆட்டினால் போதும், சிவனாண்டியின் கால் இரண்டும் போய் விலாவில் ஒட்டிக்கொள்ளும். உடனே அது வேகம் எடுக்கும். ராவுத்தர் நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்து அதை அடக்குவார்.

"பார்த்தீங்களா, சும்மா நடந்துக்கிட்டிருந்தது, தன்னால பாயுது. இதுக்குப் புத்தி பிசகிப்போச்சு உஸ்தாத்," என்பான் சிவனாண்டி.

ராவுத்தர் கயிற்றைச் சுருட்டி, நீட்டி, மறுபடி சுருட்டுவார். இரவில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் அவர் சோறு அப்படியே இருக்கும். சிவனாண்டி அதைக் கவனிக்கவில்லை. தன் துக்கம் பெரிதாக இருக்கிறவனுக்கு அடுத்தவன் தட்டு எங்கே தெரியப்போகிறது.

ஒரு நாள் காலையில் அவன் உட்கார்ந்தான்.

எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. இடுப்பு தன்னால் அசைந்தது. முதுகு நிமிர்ந்தது. தொடை தளர்ந்து, கால் சும்மா தொங்கியது. செவலை ஓடுகிறது என்பதே தெரியாமல் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. கன்னத்தில் காற்று பட்டது. திருவிழாவுக்குப் பிறகு முதல் தடவையாக அவனுக்கு மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

சிரித்த பிறகுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

"சிரிப்பு வந்திருச்சு உஸ்தாத். அவ மண்ணுக்குள்ள கிடக்கா, எனக்குச் சிரிப்பு வருது. நானெல்லாம் மனுஷனா?"

"மனுஷன்தான். இறங்குங்க."

ராவுத்தர் குடிசைக்குப் பின்னாலிருந்து இரண்டு பழைய பானைகளைக் கொண்டு வந்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டு, தானே செவலை மேல் ஏறி உட்கார்ந்தார். சேணமும் இல்லை, கடிவாளமும் இல்லை.

"அண்ணே, எனக்குப் பின்னால அந்தப் பாறையில ஒரு பானையைப் போட்டு உடைங்க. நல்ல சத்தம் வரட்டும்."

"வேண்டாம் உஸ்தாத். மிரளும்."

"உடைங்க."

பானை உடைந்தது. செவலை அப்படியே அதிர்ந்தது. ஒரு பக்கமாக அரை அடி துள்ளியது. ராவுத்தரின் கால்கள் தொங்கியது தொங்கியபடியே இருந்தன. அது மூக்கால் ஊதியது. திரும்பிப் பானை ஓட்டைப் பார்த்தது. நின்றது.

ராவுத்தர் இறங்கினார். மறுபடி கயிற்றைக் கட்டினார். "இப்ப நீங்க."

சிவனாண்டி ஏறினான். இரண்டாவது பானையை ராவுத்தர் அவனுக்குப் பின்னால் வீசி உடைத்தார்.

கால் போய் ஒட்டிக்கொண்டது. செவலை பாய்ந்தது. "நில்லு! நில்லு!" என்று அலறினான். ராவுத்தர் கயிற்றோடு மணலில் குப்புற இழுபட்டார். இழுபட்டபடியே கத்தினார்.

"காலை விடுங்க! அண்ணே, காலை விடுங்க!"

எப்படியோ விட்டான். தொடை இரண்டும் தளர்ந்தன.

செவலை நின்றுவிட்டது.

ராவுத்தர் எழுந்து சட்டை மணலைத் தட்டவில்லை. முழங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தது, அதையும் பார்க்கவில்லை. சிவனாண்டி குதிரை மேலேயே இருந்தான்.

"உஸ்தாத்."

"சொல்லுங்க."

"நான் நில்லுன்னுதானே கத்துனேன்?"

"வாயால நில்லுன்னீங்க. காலால ஓடுன்னீங்க. அது கால் பேச்சுதான் கேக்கும். நான் அப்படித்தான் பழக்குனேன். சண்டைக்குக் குதிரை வேணும்னாங்க. வேட்டுச் சத்தத்துல மேல இருக்கறவன் காலை இறுக்குனா, எதிர்ல என்ன இருந்தாலும் பாயணும்னு பழக்குனேன். அது சொன்னதை மீறலை அண்ணே."

"இன்னும் இறுக்கிப் பிடிச்சிருந்தா..."

"இன்னும் வேகமா போயிருக்கும்."

"சும்மா விட்டிருந்தா?"

ராவுத்தர் ஆற்றைப் பார்த்தார். "இப்ப பார்த்தீங்களே."

சிவனாண்டி சரிந்து இறங்கினான். மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "சிலம்பாயி, அடி ஆத்தா சிலம்பாயி" என்று கதறினான். அருகில் கிடந்த கல்லை எடுத்துத் தன் முழங்காலிலேயே ஓங்கி அடித்தான். ராவுத்தர் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். விட மாட்டேன் என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் கல் கீழே விழுந்தது.

"ஏன் காட்டுனீங்க? குதிரைதான்னு நினைச்சுக்கிட்டே செத்துத் தொலைஞ்சிருப்பேனே, பாவி!"

"உட்காரத்தான் கேட்டீங்க. இதைக் காட்டாம அதைக் கத்துக் குடுக்க எனக்குத் தெரியலை." ராவுத்தர் மணலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பிள்ளை சாவுல எனக்கும் பங்கு இருக்கு. நிக்கப் பழக்கியிருக்கலாம். பாயப் பழக்குனேன்."

வெயில் ஏறியது. சிவனாண்டி அழுது ஓய்ந்து உட்கார்ந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"கெட்ட குதிரைன்னு சொல்லிடுங்க உஸ்தாத். எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதான். இதைக் கேட்டா என் மூஞ்சியில முழிப்பானா? இது வாயில்லாத சீவன். போகட்டும்."

ராவுத்தர் குடிசைக்குள் போய் ஒரு ஈட்டியை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தார்.

"சொல்லிட்டேன்னு வச்சுக்குங்க. முடிங்க."

சிவனாண்டி ஈட்டியை எடுத்தான். எழுந்து நின்றான். செவலை அவன் பக்கம் கழுத்தை நீட்டி, வேர்த்திருந்த தோளை முகர்ந்து பார்த்தது. அவன் ஈட்டியை மணலில் போட்டுவிட்டு, "முடியலையே" என்றான். அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை.

"அப்ப இதை நடத்திக் கூட்டிட்டுப் போறேன். நல்ல குதிரைதான்னு உங்க வாயால சொல்லி ஒரு ஆளைக் கூட அனுப்புங்க. அது போதும்ல?"

"நீங்களே ஏறப் பயப்படற குதிரையை நல்ல குதிரைன்னு எவன் நம்புவான்? தெருவுக்குள்ள வந்ததும் குத்திடுவாங்க. ஏறிப் போங்க. அதே தெரு வழியா."

"நீங்களும் வாங்களேன்."

"நான் பக்கத்துல வந்தா, ராவுத்தன் ஏதோ பண்ணி அடக்கி வச்சிருக்கான்னுவாங்க."

"நான் மட்டும் ஏறிப் போனா?"

"நல்லா உட்கார்ந்து போனீங்கன்னா, இது பூ மாதிரி நடக்கும். ஊரே பார்க்கும். குதிரை பொழைச்சுக்கும்."

"குதிரை மேல தப்பு இல்லேன்னா யார் மேலன்னு தம்பி கேப்பானே!"

"கேப்பாரு."

"நான் எவ்வளவுக்கு நல்லா உட்கார்றேனோ, அவ்வளவுக்கு நான்தான் கொன்னேன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். அப்படித்தானே?"

"அப்படித்தான் அண்ணே."

சிவனாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். கஞ்சி ஊற்றிய கை நினைவுக்கு வந்தது. இனி அந்த வீட்டுப் படி ஏற முடியாது. எந்த வீட்டுப் படியும் ஏற முடியாது. போகாமலே இருந்துவிடலாம், இப்படியே ஆற்றோடு நடந்து எங்கேயாவது தொலைந்து போகலாம். ஆனால் செவலையை எங்கே விட்டாலும் தேடிப் பிடித்துக் குத்துவார்கள்.

ராவுத்தர் சேணத்தைப் போட்டுக் கட்டினார். கடிவாளத்தை மாட்டினார். ஒதுங்கி நின்றார்.

வெகுநேரம் கழித்து சிவனாண்டி ஏறினான். முதுகு நிமிர்ந்தது. கால் தொங்கியது. அவன் அவ்வளவு நன்றாக ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஆனால் முகத்தில் உயிர் இல்லை.

"உஸ்தாத், தெருமுனையில அழகுமலை ஈட்டியோட காத்துக்கிட்டு நிப்பான். அவன் மூஞ்சியைப் பார்த்த உடனே எனக்குக் கால் இறுகிடும். எனக்குத் தெரியும். அப்ப நான் என்ன செய்வேன்?"

"இறுகுனா பாயும் அண்ணே," என்றார் ராவுத்தர். "எதிர்ல நிக்கிறது உங்க தம்பி."