டில்வின் கேட்கப் போன பாட்டு

"தாயே, என் புத்தகம் நின்றுவிட்டது" என்றார் டில்வின்.

எட்வென் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்கே நின்றது?"

"உழவுப் பாட்டில்."

ஆங்கிலேயர் நாட்டின் வடக்குக் கடற்கரையில் ஆண், பெண் துறவிகள் சேர்ந்து வாழ்ந்த ஒரு மடத்துக்கு எட்வென் தலைவி. வயது நாற்பது. டில்வினுக்கு அறுபத்தெட்டு. முப்பது வருடம் ஊர் ஊராகப் பூசை வைத்து, வேதம் சொல்லி, கடல் தாண்டியும் போய்வந்து, கால் தளர்ந்த பிறகு மடத்தில் சேர்ந்தவர். மடத்துக்குள் வந்துவிட்டால் வயது கணக்கில்லை. தலைவிதான் குரு.

அந்த நாட்டுக்குக் கிறிஸ்தவ வேதம் வந்து நூறு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் மக்கள் வேறு தெய்வங்களைக் கும்பிட்டார்கள். அந்தப் பழைய நம்பிக்கைகளைத்தான் டில்வின் எழுதிக்கொண்டிருந்தார்.

வோடன் என்ற தெய்வத்தைப் பற்றி எழுதியாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அம்பு எய்து மாட்டை நோயில் தள்ளும் குட்டிப் பேய்களைப் பற்றி எழுதியாகிவிட்டது. கிணற்றுக்கும் மரத்துக்கும் செய்த படையலைப் பற்றியும்.

"விளையாத வயலின் நான்கு மூலையிலும் புல்லோடு மண்கட்டி வெட்டி எடுப்பார்கள், தாயே. அதன்மேல் பாலும் தேனும் விடுவார்கள். பிறகு ஏருக்கு முன்னால் நின்று ஒருத்தி பூமியைப் பார்த்துப் பாடுவாள். அதுவரை எழுதிவிட்டேன். பாட்டு இல்லை."

"பாட்டு இல்லாமல் எழுதக் கூடாதா?"

"உயிரே அதில்தான் இருக்கிறது. நாளைக்கு யாராவது கதை கட்ட நினைத்தால், காவியம் எழுத நினைத்தால், இதைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வெறும் மண்கட்டியையா கொடுப்பது?"

எட்வென் ஒரு களையைப் பிடுங்கினார். வேரை உதறிக் கூடையில் போட்டார்.

"பாடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லையா?"

டில்வின் கூடையிலிருந்த களையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒருத்தி உண்டு. லுஃபு என்று பெயர். ஆற்றுமேட்டில் இருக்கிறாள்."

"ஆற்றுமேடு எவ்வளவு தூரம்?"

"காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம்."

எட்வென் எழுந்தார். அப்போதுதான் டில்வினின் முகத்தைப் பார்த்தார்.

"அப்படியென்றால் என்னிடம் என்ன கேட்க வந்தீர்கள்?"

டில்வின் தலை குனிந்துகொண்டார்.

"அந்தப் பாட்டை நிறுத்தியவனே நான்தான், தாயே."

எட்வென் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அப்போது ஆற்றுமேட்டுக்கு நான்தான் குரு. வேலிக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஊரே அவளைச் சுற்றி நின்றது. கோயிலில் என் பிரசங்கத்துக்குக்கூட அப்படி யாரும் வாய்மூடி நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அவளைக் கூப்பிட்டுத் திட்டினேன். தவக்காலம் முழுவதும் வெறும் ரொட்டியும் தண்ணீரும் என்று தண்டனை போட்டேன்."

"பிறகு?"

"ஆயர் என்னைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டார். அவளை மறந்தே போனேன். பாட்டு தேவைப்பட்டபோதுதான் நினைவு வந்தது."

சொல்லி முடித்தபோது அவருக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

"நாளைக்குப் போகலாம்" என்றார் எட்வென். "நானும் வருகிறேன். பேச மாட்டேன்."

*

லுஃபு குடிசைக்கு வெளியே ஆட்டுமயிரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தலை முழுவதும் நரைத்திருந்தது. வந்தவர் யார் என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் மடியிலிருந்ததெல்லாம் கீழே விழ எழுந்தாள்.

"சாமி! வந்துட்டீங்களா!"

பயந்துவிட்டாள் என்று நினைத்தார் டில்வின்.

"பயப்படாதே, லுஃபு. உட்கார். ஒன்று கேட்டுப் போகத்தான் வந்தேன்."

இடது கையில் மெழுகு பூசிய பலகை இருந்தது. வலது கையில் எழுத்தாணி. சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம் என்று வழியிலேயே மெழுகைத் தேய்த்துச் சமமாக்கி வைத்திருந்தார். எட்வென் சற்றுத் தள்ளி நின்றார்.

"ஏர் பூட்டும்போது ஒரு பாட்டுப் பாடுவாயே, அது எனக்கு வேண்டும். இப்போது அதில் குற்றம் இல்லை. ஆயருக்கும் தெரியும். புத்தகத்தில் எழுதப் போகிறேன்."

லுஃபு அவரையே பார்த்தாள். மெல்ல அவள் முகம் மலர்ந்தது.

"சோதிச்சுப் பாக்குறீங்களா சாமி? பாருங்க, பாருங்க. அது என்கிட்ட இல்ல."

"என்ன?"

"மறந்துட்டேன் சாமி. சுத்தமா மறந்துட்டேன்."

டில்வினுக்குப் புரியவில்லை.

"நீங்கதானே சொன்னீங்க? அந்தப் பாட்டை என்னிக்கு மறக்கிறியோ அன்னிக்கு என்கிட்ட வந்து சொல்லு, அன்னிக்குத்தான் உனக்கு மன்னிப்பு, அதுவரைக்கும் கோயில் வாசப்படி தாண்டாதேன்னு?"

அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக டில்வினுக்கு நினைவே இல்லை. கோபத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பார்.

"அன்றிலிருந்து நீ கோயிலுக்குள்..."

"போகல சாமி. ஞாயித்துக்கிழமை தவறாம வருவேன். வெளிய நிப்பேன். மழை வந்தா மட்டும் சுவரோரமா ஒதுங்கிக்குவேன்."

"இருபத்திரண்டு வருடமா?"

"மறக்கிறது லேசா இல்ல சாமி. கையில வேலை இருந்தா அதுவா வந்துடும். வந்த உடனே நீங்க சொல்லிக்குடுத்த பரலோக மந்திரத்தைச் சொல்லுவேன். அது வரும், நான் இதைச் சொல்லுவேன். ஒரு நாளைக்கு நாப்பது தடவை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பகூட, தாலாட்டுல அது கலந்துடுமோன்னு பாடாமலே இருந்துட்டேன். அவன் போயிட்டான்."

காற்றில் ஆட்டுமயிர் உருண்டு போனது. அவள் அதை எடுக்கவில்லை.

"அப்புறம் ஒரு வருஷம் எதிர் வயல்ல ஏர் பூட்டினாங்க. வரப்புல நின்னு, வருதான்னு பாக்கலாம்னு வாயைத் திறந்தேன். ஒண்ணுமே வரல. அன்னிக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஓடினேன் கோயிலுக்கு. உங்களுக்கு அடுத்து வந்த சாமிகிட்ட சொன்னேன். யாரு கட்டினாங்களோ அவங்கதான் அவிழ்க்கணும்னுட்டார். நீங்க எங்கேன்னு கேட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம்னு சொன்னாங்க. அது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி."

டில்வின் திரும்பி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அரை நாள் நடைதூரத்தில் இருந்திருக்கிறார்.

"லுஃபு, நன்றாக யோசித்துப் பார். முதல் அடியாவது. ஒரு வார்த்தையாவது..."

"இல்லவே இல்ல சாமி. சத்தியமா." அவள் அவர் முன்னால் மண்டியிட்டாள். "இப்போ மன்னிப்பு கிடைக்குமா?"

டில்வின் பலகையும் எழுத்தாணியுமாக அப்படியே நின்றார்.

எட்வென் அருகே வந்தார். டில்வினின் இடது கையிலிருந்து பலகையை எடுத்துக்கொண்டார். வலது கையிலிருந்து எழுத்தாணியை எடுத்துக்கொண்டார். பழைய இடத்துக்குப் போய் நின்றார்.

காலியான கையை டில்வின் அவள் தலைமேல் வைத்தார். மன்னிப்பு மந்திரத்தைச் சொன்னார். நடுவில் குரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

லுஃபு இரு கைகளிலும் முகம் புதைத்து அழுதாள். பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, மோர் கொண்டு வர்றேன்" என்று உள்ளே ஓடினாள். கிழவி ஓடுவது போல இல்லை.

டில்வின் அவள் உட்கார்ந்திருந்த மரக்கட்டையில் உட்கார்ந்தார். எதிரே வயல் கிடந்தது. உழுது போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வேலிக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு தடவை கேட்ட ராகம் அவர் வாயில் வந்தது. வார்த்தை ஒன்றுகூட அவரிடம் தங்கவில்லை. ராகம் மட்டும் தங்கியிருந்தது. அதை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

மோர்க் குவளையோடு வந்த லுஃபு வாசலிலேயே நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவர் நிறுத்தும்வரை அசையவில்லை.

"நல்லா இருக்கே சாமி. கோயில்ல பாடுறதா? வெளிய நின்னா ஒண்ணும் சரியாக் கேக்காது."

குவளையை அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்கும் சொல்லித் தர்றீங்களா?"