சில்வண்டின் ரம்பப் பற்கள்

வேங்கைக் காட்டுக் குளக்கரையில் ஒரு பாட்டுக் கூட்டம் இருந்தது. அதில் சேர வேண்டும் என்று ரீங்கன் என்ற சில்வண்டுக்குக் கொள்ளை ஆசை.

அங்கே ஒரு வழக்கம். பாட வருகிறவர் நத்தையாருக்குப் பக்கத்தில் நின்று பாட வேண்டும். நத்தையார் கொம்பின் நுனியை ஈர மணலில் பதித்து மெல்ல ஊர்வார். குரல் அதிர அதிரக் கொம்பும் ஆடும். அந்தக் குரலின் உருவம் மணலில் கோடாக விழும்!

குயில் கூவியபோது வழுவழுவென்று அலை விழுந்தது. முனையும் இல்லை, மூலையும் இல்லை. புறா முனகினால் வரிசையாகக் கூரை முகடுகள். தவளை கத்தினால் கோட்டை மதில் போலக் கட்டம் கட்டமாக ஏறி இறங்கும்.

ரீங்கன், "ஙீஈஈஈ!" என்று இழுத்தான். கோடு சாய்வாக ஏறியது, சட்டென்று விழுந்தது. மறுபடி ஏறியது, விழுந்தது.

குனிந்து பார்த்த குயில் அலறியது. "ஐயோ, ரம்பம்!"

அவ்வளவுதான், கூட்டமே பதறிப் போனது. போன கோடையில் ஒரு ரம்பம் வந்துதான் பெரிய அத்திமரத்தைச் சாய்த்திருந்தது.

"அண்ணே, நான் மரத்தை அறுக்க மாட்டேன்! மரத்துலதானே குடியிருக்கேன்!" என்று ரீங்கன் கெஞ்சினான்.

"பல்லைப் பார்த்தாச்சு, இனி என்ன பேச்சு? விடிஞ்சதும் இந்தக் கரையை விட்டே கிளம்பு!" என்று குயில் விரட்டியது.

ரீங்கனுக்கு அழுகை முட்டியது. பிறந்த மரத்தை விட்டு எங்கே போவான், பாவம்!

விடிந்தபோது எதிரில் இருப்பதே தெரியாத பனிமூட்டம். ரீங்கன் சிறகைத் துடைத்துக்கொண்டு புறப்படும் நேரத்தில் வாத்தம்மாவின் அலறல் கேட்டது. "என் ஆறு குஞ்சும் கோரைக்குள்ள வழிதவறிப் போச்சே! அங்க மலைப்பாம்பு கிடக்குதே!"

குயில் பறந்துவந்து கூவியது.

"கேக்குது! எந்தப் பக்கம்னு தெரியலையே!" என்று குஞ்சுகள் அழுதன. அந்த வழுவழுப்பான குரல் பனியோடு பனியாக எங்கும் பரவி நின்றது. தவளை கத்தியதும் அதன் உறவுக்கார நாற்பது பேரும் நாற்பது பக்கமிருந்து பதில் கொடுத்துக் குழப்பினார்கள்.

'என்னைத்தான் துரத்திட்டாங்களே, எனக்கென்ன?' என்று ரீங்கனுக்கு ஒரு கணம் தோன்றியது. குஞ்சுகளின் கீச்சொலி மறுபடி கேட்டதும் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. கரையோர மருதமரத்தில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்து இழுத்தான்.

"ஙீஈஈஈஈ!"

கரகரவென்று பனியை அறுத்துக்கொண்டு ஒரே கோடாகப் போனது அந்தக் குரல்.

"அதோ, அந்தப் பக்கம்!" என்று குஞ்சுகள் கத்தின.

ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு குஞ்சுகளும் நீந்தி வந்து தாயின் சிறகுக்குள் புகுந்துகொண்டன!

குயில் வெட்கத்தோடு வந்து நின்றது. "தப்புப் பண்ணிட்டேன், ரீங்கா. நீ எங்கேயும் போக வேண்டாம். இனி நம்ம பாட்டை நீதான் தொடங்கணும்!"

"தொடங்குறேன் அண்ணே," என்றான் ரீங்கன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பல்லு பட்டுடப் போகுது!"

குளக்கரையே விழுந்து விழுந்து சிரித்தது.

உருவத்தைப் பார்த்து ஒருவரை ஒதுக்கிவிடக் கூடாது. இனிய குரலால் ஆகாத வேலை கரகரத்த குரலால் ஆகும்.