சுக்காம்பாறையும் அழுங்கின் பல்லும்

அந்தக் காலத்தில் அழுங்குக்குப் பல் இருந்தது. எறும்புத்தின்னி என்கிறீர்களே, உடம்பெல்லாம் செதில் போர்த்திய பிராணி, அதைத்தான் சொல்கிறேன். இன்று அதன் வாயைத் திறந்து பார்த்தால் நீள நாக்கு ஒன்றுதான் இருக்கும். அன்றைக்கு மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, அத்தனையும் இரும்புப் பல். அழுங்கு லேசாகச் சிரித்தால் போதும், நரி வேறு பாதையில் போய்விடும். இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிய அந்த நாளில் மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்தது. இளகின மண்ணில் இருந்த புற்றுகளை எல்லாம் கரடி உறிஞ்சித் தீர்த்துவிட்டது. மிச்சமிருந்த எறும்பும் கரையானும் ஈரத்தைத் தேடிச் சுக்காம்பாறைக்கு அடியில் இறங்கிக்கொண்டன. சுக்காம்பாறை என்பது சுண்ணாம்பும் சரளையும் மண்ணும் கலந்து இறுகிக் கிடக்கிற தரை. அதை மண் என்றும் சொல்ல முடியாது, கல் என்றும் சொல்ல முடியாது.

அந்தப் பக்கம் ஒரு தாய் அழுங்கு இருந்தாள். அவளுடைய குட்டி எப்போதும் அவள் வாலைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்யும். தீனி கிடைக்காமல் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. ஒருநாள் காலையில் நடந்துகொண்டிருந்தவளுக்கு வாலில் கனமே தெரியவில்லை. குட்டி எங்கோ விழுந்துவிட்டது என்று பதறித் திரும்பினாள். குட்டி விழவில்லை, வாலைப் பிடித்தபடிதான் இருந்தது. அது இருக்கிற இடம் தெரியாத அளவுக்கு இளைத்துப் போயிருந்தது. நேரே மாடக்கண்ணுவின் பட்டறைக்கு நடந்தாள்.

மாடக்கண்ணு அந்த வட்டாரத்துக் கொல்லர். காட்டுப்பன்றிக்குக் கோரைப்பல் வைத்ததும் நண்டுக்குக் கொடுக்கு வைத்ததும் அவர்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருடைய மனைவி சுடலைவடிவு துருத்தி ஊதுவாள். அவர் பேசுகிற நேரமெல்லாம் அவள் ஊதிக்கொண்டிருந்ததால்தான் பட்டறையில் வேலை நடந்தது.

"அண்ணாச்சி, தோண்டுறதுக்கு ஒரு ஆயுதம் வேணும்" என்றாள் அழுங்கு.

"பெரிசா வேணுமா, சின்னதா வேணுமா?"

"இருக்கறதுலயே பெரிசு."

கேள்வியும் கோணல், பதிலும் கோணல். பசியோடு கடைக்குப் போகிறவர்கள் இப்படித்தான் பெரிசைப் பார்த்துக் கையை நீட்டுவார்கள். மாடக்கண்ணு இரண்டு அகலத் தகடுகளை மண்வெட்டி மாதிரி அடித்து அவள் கைகளில் பொருத்தி அனுப்பினார். அழுங்கு சுக்காம்பாறைக்குப் போய் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். தகடு 'ணங்' என்று எகிறித் தோள்மூட்டு வரைக்கும் அதிர்ந்தது. பொழுது சாய்வதற்குள் தகடு இரண்டும் சுருண்டுவிட்டன, தரையில் ஒரு கீறல்தான் மிச்சம்.

மறுநாள் அவளைப் பார்த்ததும் மாடக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வேலையில இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல" என்றார். ஆனாலும் தகடுகளைக் கழற்றிவிட்டு, கடப்பாரை மாதிரி நீளக் கம்பி இரண்டைப் பொருத்தினார். அது இறங்கத்தான் செய்தது. ஆனால் எறும்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று மேலே எழுதியா வைத்திருக்கிறது? பத்து இடத்தில் தோண்டிப் பார்த்தால் ஓரிடத்தில் இருக்கும். தோண்டுகிற நேரத்தைவிட நடக்கிற நேரம்தான் அதிகம். அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு அவளால் மூன்றாவது இடம் வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கே முட்டி மடங்கி விழுந்தாள். குட்டி வாலிலிருந்து இறங்கி வந்து, "அம்மா, எனக்குப் பசிக்கல, நீ எந்திரி" என்றது. அது பொய் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து மறுபடியும் பட்டறைக்கு நடந்தாள்.

இந்தத் தடவை மாடக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் சுடலைவடிவு துருத்தியை நிறுத்தினாள்.

"எந்தத் தரைன்னு இவரும் கேக்கல, நீயும் சொல்லல. ஆளைப் பாத்து ஆயுதம் அடிச்சா இப்படித்தான். அந்தத் தரையில ஒரு கட்டி எடுத்துட்டு வா தாயி, பாப்போம்."

"கட்டி பேர்க்க முடிஞ்சா நான் எதுக்கு மதினி இங்க வரேன்?"

"எப்படியாவது எடுத்துட்டு வா" என்று சொல்லி, கனத்த கம்பிகளை அவள் கையிலிருந்து கழற்றிவிட்டாள் சுடலைவடிவு.

அழுங்கு போனாள். வெறுங்கையால் ஆகவில்லை. கடைசியில் குப்புறப் படுத்து, தரையில் இருந்த ஒரு வெடிப்பில் பல்லைக் கொடுத்து நெம்பினாள். வாயெல்லாம் ரத்தம். ஆனால் பலாக்கொட்டை அளவு ஒரு கட்டி பேர்ந்து வந்தது.

சுடலைவடிவு அந்தக் கட்டியைப் பட்டறைக்கல்லில் வைத்தாள். தட்டையான உளியால் தட்டினாள், மேலே பொடிதான் உதிர்ந்தது. கூரான உளியால் குத்தினாள், கட்டியில் விரிசல் விட்டது. விரிசலுக்குள் முனையை விட்டு உள்பக்கமாக இழுத்தாள், கட்டி இரண்டாகப் பிளந்தது.

"பாத்தீங்களா?" என்று புருஷனிடம் திரும்பினாள். "இதை வெட்டக்கூடாது. முதல்ல குத்தணும், அப்புறம் இழுக்கணும். முனை கூரா இருக்கணும், பாறை பேர்க்கிற குந்தாலி மூக்கு மாதிரி உள்பக்கம் வளைஞ்சிருக்கணும். பத்து இடத்துக்குத் தூக்கிட்டு நடக்கப் போறவ, அதனால கனமும் கூடாது."

மாடக்கண்ணு கட்டியைக் கையில் எடுத்து வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். பிறகு முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினார். "நீ சொல்ற வடிவம் சரிதான். இரும்புதான் சரியில்ல. என்கிட்ட இருக்கற இரும்பை அத்தனை மெல்லிசா அடிச்சா இந்தத் தரையில பத்துக் குத்துக்கு மழுங்கிடும்." கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "இதைப் பேர்த்த இரும்பு ஒண்ணே ஒண்ணுதான். அது உன் வாயில இருக்கு."

அழுங்கு நாக்கால் தன் பல்வரிசையை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். அந்தப் பல்லின் மேல் அவளுக்கு அத்தனை பெருமை. இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

"பல்லு போயிட்டா நரி உன்னைச் சும்மா விடுமா?" என்று மாடக்கண்ணுவே கேட்டார்.

"நரி வரும்போது பாத்துக்கலாம் அண்ணாச்சி. பசி வந்தாச்சு" என்றாள் அழுங்கு. குறடைத் தானே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

ஒவ்வொரு பல்லாக வந்தது. அவள் சத்தம் போடவில்லை. குட்டியின் முகத்தைச் சுடலைவடிவு தன் முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டாள், அவள் கண்ணிலிருந்துதான் நீர் வழிந்தது. பற்களை உலையில் போட்டுக் காய்ச்சி அடித்ததில் கைக்கு மூன்று பெரிய வளைநகம் ஆயிற்று. ஓரத்தில் மிஞ்சியதைச் சின்ன நகங்களாக்கி, எல்லாவற்றையும் அவள் விரல்களில் பொருத்தினார்கள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ" என்றாள் சுடலைவடிவு. "இந்த முனையைத் தரையில வச்சு நடக்காத. தோண்டுறதுக்கு முன்னாலயே தேஞ்சு போயிடும். நடக்கும்போது மடக்கிக்கோ, தோண்டும்போது நீட்டிக்கோ."

அழுங்கு விரல்களை மடக்கிக்கொண்டு நடந்தாள். முதல் இடத்தில் குத்தி இழுத்தாள், தரை ஓடு ஓடாகப் பேர்ந்தது, எறும்பு இல்லை. இரண்டாவது இடத்திலும் இல்லை. ஐந்து, ஆறு என்று தோண்டிக்கொண்டே போனாள். எட்டாவது குழியில் ஒரு முழம் இறங்கியிருந்தபோது நரி வந்துவிட்டது.

"சிரி, பாப்போம்" என்றது நரி. செய்தி அதற்குள் அதன் காதுக்கு எட்டியிருந்தது.

ஓடினால் நரி பிடித்துவிடும். குழியை விட்டுப் போனால் குட்டி பசியில் செத்துவிடும். அதுவரை எந்த அழுங்கும் செய்யாத ஒன்றை அவள் அப்போது செய்தாள். குட்டியை இழுத்து வயிற்றோடு அணைத்து, அதைச் சுற்றித் தன் உடம்பையும் வாலையும் பந்தாகச் சுருட்டிக்கொண்டாள். வெளியே செதில்தான் இருந்தது. நரி கடித்தது, பிறாண்டியது, உருட்டிப் பார்த்தது, உள்ளே நுழைய ஒரு சந்துகூடக் கிடைக்கவில்லை. வெயில் ஏற ஏற அது நாக்கு வறண்டு, அலுத்துப் போய்க் கிளம்பிவிட்டது.

அழுங்கு மெல்லப் பிரிந்து, மேலெல்லாம் ஒட்டியிருந்த மண்ணைக்கூட உதறாமல், அதே குழியில் விட்ட இடத்திலிருந்து குத்தினாள். இன்னும் ஒரு சாண் இறங்கியதும் மண்ணில் ஈரம் தெரிந்தது. அடுத்த இழுப்பில் எறும்புக்கூடு உடைந்து திறந்தது. நாக்கை நீட்டி வழித்தாள். மெல்லுவதற்குப் பல் இல்லையே, அதனால் கூடவே பொடிச் சரளையையும் விழுங்கினாள், அரைக்கிற வேலையை வயிறு பார்த்துக்கொண்டது. இரண்டு நாளில் பால் ஊறியது. குட்டி குடித்துவிட்டு அவள் மேலேயே தூங்கிப்போனது.

மாதங்கள் போயின. வாலில் இப்போது நல்ல கனம். ஒருநாள் குட்டி தன் வாயைத் துழாவிப் பார்த்துவிட்டு, "எனக்கு எப்பம்மா பல்லு முளைக்கும்?" என்று கேட்டது.

அவள் குட்டியின் கையைப் பிடித்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வளைந்த நகம் மூன்று, பிஞ்சாக, ஆனால் கூராக இருந்தன.

"இதோ, எப்பவோ முளைச்சாச்சு" என்றாள். "போய் எங்கயாவது குத்திப் பாரு."

அன்றைக்கு உலையில் விழுந்த பல்தான், அதற்குப் பிறகு எந்த அழுங்கின் வாயிலும் முளைத்ததில்லை. முன்கையை மடக்கி மடக்கி அது நடப்பதும் அன்று தொடங்கியதுதான்.